மரியா புயலும் புவேர்ட்டோ ரிக்கோவும்: ஒரு தீவு கற்றுத் தரும் பாடம்



இம்மாதப் பாடத்துக்கு நாம் எடுத்துக்கொண்டிருப்பது கரீபியன் கடலில் உள்ள புவேர்ட்டோ ரிக்கோ என்னும் தீவின் வரலாறு. 2017 செப்டம்பர் 20 அன்று மரியா என்ற பெரும்புயல் அந்தத் தீவைத் தாக்கியது. புயலில் இறந்தவர்கள் 64 பேர் என்று தீவின் அரசு பல மாதங்கள் சொல்லி வந்தது. மக்கள் அதை நம்பவில்லை. பிறகு அரசே கேட்டுக்கொண்டதன் பேரில் ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகம் ஆய்வு செய்து, புயலை அடுத்த ஏறக்குறைய ஆறு மாதங்களில் வழக்கத்தை விடக் கூடுதலாக 2,975 பேர் இறந்திருக்கிறார்கள் என்று கணக்கிட்டது. 2018 ஆகஸ்டில் அரசு அந்த எண்ணை ஏற்றுக்கொண்டது.

64க்கும் 2,975க்கும் இடையில் உள்ள அந்த ஆயிரக்கணக்கான பேர் யார்? காற்று அடித்துச் செல்லாத, வெள்ளம் இழுத்துச் செல்லாத மனிதர்கள். புயல் கடந்து போன பிறகு மின்சாரம் இல்லாமல், மருந்து கிடைக்காமல், மருத்துவமனைக்குப் போக வழியில்லாமல் மெல்ல மெல்ல இறந்தவர்கள். அவர்களில் முதியவர்களும் ஏழை ஊர்களில் வாழ்ந்தவர்களுமே அதிகம்.

இதை நஸீப் என்று சொல்லி நாம் நகர்ந்துவிட முடியாது. காற்றும் மழையும் மனிதன் கையில் இல்லை என்பது உண்மைதான். ஆனால் காற்று ஓய்ந்த பிறகு ஒரு முதியவர் மாதக்கணக்கில் இருட்டில் கிடந்தார் என்றால் அதற்கு மனிதர்கள் பொறுப்பு. அந்தப் பொறுப்பு எங்கே தொடங்குகிறது, அந்த மக்கள் எப்படித் தங்களைத் தாங்களே தூக்கி நிறுத்திக்கொண்டார்கள் என்பதைத்தான் இந்தப் பாடத்தில் பார்க்கப் போகிறோம்.

செல்வத் துறைமுகம்

புவேர்ட்டோ ரிக்கோ என்ற ஸ்பானியப் பெயருக்குச் செல்வத் துறைமுகம் என்று பொருள். தீவின் பழங்குடிகளான தைனோ மக்கள் அதைப் போரிக்கேன் என்று அழைத்தார்கள். 1493இல் கொலம்பஸ் அங்கே இறங்கினார். 1508 முதல் ஸ்பெயின் அதைக் குடியேற்ற நாடாக்கியது. தங்கச் சுரங்கங்களில் தைனோ மக்கள் கட்டாய வேலைக்கு அமர்த்தப்பட்டனர். கொடுமையாலும் தொற்று நோயாலும் சில பத்தாண்டுகளிலேயே அந்த மக்கள்தொகை சிதைந்து போனது. பிறகு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகள் கொண்டுவரப்பட்டார்கள். அங்கே அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1873இல்தான்.

1898இல் ஸ்பெயினுக்கும் அமெரிக்காவுக்கும் போர் மூண்டது. ஜூலை 25 அன்று அமெரிக்கப் படை தீவின் தென்கரையில் குவானிக்கா என்ற இடத்தில் இறங்கியது. டிசம்பரில் பாரிஸில் ஒப்பந்தம் கையெழுத்தானது. தீவு ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறியது. அங்கே வாழ்ந்தவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அடுத்த ஆண்டே, 1899 ஆகஸ்ட் 8 அன்று, சான் சிரியாக்கோ என்ற புயல் வந்தது. 3,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மலைப்பகுதிகளின் காப்பித் தோட்டங்கள் அழிந்தன. காப்பிச் செடியை மறுபடி நட்டால் பலன் தரச் சில ஆண்டுகள் ஆகும். அதுவரை சாப்பிட என்ன வழி? ஆட்சி மாறியதில் காப்பிக்கு இருந்த பழைய சந்தைகளும் கைவிட்டுப் போயிருந்தன. போதாததற்கு உள்ளூர் நாணயமான பெசோவை 60 அமெரிக்க சென்டுக்கு மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள். சிறு விவசாயியின் சேமிப்பு ஒரே உத்தரவில் சுருங்கியது. கடனில் விழுந்தவர்கள் நிலத்தை விற்றார்கள்.

நல்ல நிலங்கள் படிப்படியாக அமெரிக்கக் கரும்பு நிறுவனங்களிடம் போய்ச் சேர்ந்தன. ஒரு நிறுவனம் 500 ஏக்கருக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று 1900இல் சட்டம் இருந்தது. 1940கள் வரை அதை நடைமுறைப்படுத்துவார் இல்லை. பிழைப்பு இழந்தவர்களில் சுமார் 5,000 பேர் 1900, 1901ஆம் ஆண்டுகளில் ஹவாய்த் தீவின் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறினார்கள்.

ஒரு புயல், அதன் பின் வறுமை, நிலம் கைமாறுதல், ஊரை விட்டுப் போதல். இந்த வரிசையை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 118 ஆண்டுகள் கழித்து இதே வரிசை மீண்டும் வரும்.

குடிமக்கள், ஆனால் வாக்கு இல்லை

1917இல் புவேர்ட்டோ ரிக்கோ மக்களுக்கு அமெரிக்கக் குடியுரிமை வழங்கப்பட்டது. ஆனால் தீவில் வசிப்பவர் அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில் வாக்களிக்க முடியாது. அமெரிக்க நாடாளுமன்றத்தில் அவர்களுக்கு ஒரே ஒரு பிரதிநிதி உண்டு. அவர் பேசலாம், சட்டம் நிறைவேறும் இறுதி வாக்கெடுப்பில் அவருக்கு வாக்கு கிடையாது. தங்கள் ஆளுநரை முதன்முதலாகத் தாங்களே தேர்ந்தெடுத்தது 1948இல்தான். 1952இல் தனி அரசியல் சாசனம் வந்தது. ஆனாலும் கடைசி அதிகாரம் வாஷிங்டனிடமே இருந்தது.

இந்த நிலையின் விளைவை மூன்று உதாரணங்களில் பார்க்கலாம்.

முதலாவது, கப்பல். 1920ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அமெரிக்கத் துறைமுகம் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குச் சரக்கு ஏற்றும் கப்பல் அமெரிக்காவில் கட்டப்பட்டதாக, அமெரிக்கர்களுக்குச் சொந்தமானதாக, அமெரிக்க மாலுமிகளைக் கொண்டதாக இருக்க வேண்டும். தீவின் உணவில் ஏறத்தாழ 85 சதவீதம் வெளியிலிருந்து வருவது. ஒரு மூட்டை அரிசியின் விலையில் இந்தக் கப்பல் கூலியும் சேர்ந்தே வருகிறது. கரும்பும் பிற்காலத்தில் தொழிற்சாலையும் வந்து உணவுப் பயிர் ஒதுங்கியதால்தான், வெயிலும் மழையும் நிறைந்த ஒரு தீவு சாப்பாட்டுக்குக் கப்பலை எதிர்பார்க்கும் நிலை உண்டானது.

இரண்டாவது, வரி. 1976இல் தீவில் தொழில் நடத்தும் அமெரிக்க நிறுவனங்களுக்குப் பெரும் வரிச்சலுகை தரப்பட்டது. மருந்துத் தொழிற்சாலைகள் வந்தன. 1996இல் அந்தச் சலுகையைப் பத்தாண்டுகளில் முடித்துவிட வாஷிங்டன் முடிவு செய்தது. 2006இல் சலுகை முடிந்தபோது பல நிறுவனங்கள் வேலைகளைக் குறைத்தன, சில வெளியேறின. தீவின் பொருளாதாரம் சரியத் தொடங்கியது. கொடுத்ததிலும் எடுத்ததிலும் தீவு மக்களின் வாக்கு எதுவும் இல்லை.

மூன்றாவது, கடன். தீவின் அரசு வெளியிட்ட கடன் பத்திரங்களின் வட்டிக்கு அமெரிக்காவில் எங்கும் வருமான வரி கிடையாது. எனவே பணம் படைத்தவர்கள் விரும்பி வாங்கினார்கள். உள்ளூர் ஆட்சியாளர்களும் வருமானப் பற்றாக்குறையைக் கடனால் அடைத்தார்கள். கடனுக்கு வட்டி, அந்த வட்டியைக் கட்ட இன்னொரு கடன் என்று வளர்ந்து 7,000 கோடி டாலரைத் தாண்டியது. அமெரிக்க நகரங்களுக்கு உள்ள திவால் சட்டப் பாதுகாப்பு தீவுக்கு 1984இலேயே மறுக்கப்பட்டிருந்தது. 2016இல் அமெரிக்க நாடாளுமன்றம் தீவின் வரவு செலவைக் கட்டுப்படுத்த ஏழு பேர் கொண்ட நிதி வாரியத்தை ஏற்படுத்தியது. அந்த ஏழு பேரைத் தீவு மக்கள் தேர்ந்தெடுக்கவில்லை. பல்கலைக்கழகத்துக்கும் பொதுச் சேவைகளுக்கும் செலவு வெட்டப்பட்டது.

உள்ளூர் ஆட்சியாளர்களின் ஊதாரித்தனத்துக்கும் ஊழலுக்கும் இதில் பங்கு உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. ஆனால் வீட்டின் சாவி வேறொருவர் கையில் இருக்கும்போது, வீடு பாழானதற்கு உள்ளே இருப்பவரை மட்டும் குற்றம் சொல்வதும் நேர்மையாகாது.

புயல் வந்தபோது

மின்சார நிலையங்களில் பல தென்கரையில் இருந்தன. மக்கள் நெருக்கமாக வாழும் சான் ஹுவான் தலைநகரம் வடகரையில். நடுவே மலை. மின்கம்பிகள் அந்த மலைகளைத் தாண்டி வர வேண்டும். கடனில் மூழ்கியிருந்த மின்வாரியம் ஆண்டுக்கணக்கில் பராமரிப்பைத் தள்ளிப்போட்டிருந்தது. செப்டம்பர் 6 அன்று வந்த இர்மா புயல் அதை மேலும் தளர்த்தியது. இரண்டு வாரத்தில் மணிக்கு சுமார் 250 கிலோமீட்டர் வேகத்தில் மரியா வந்து யாபுகோவா அருகே கரையைக் கடந்தது. 33 லட்சம் மக்கள் வாழ்ந்த தீவு முழுவதும் இருண்டது. கடைசி வீடுகளுக்கு மின்சாரம் திரும்பக் கிட்டத்தட்ட 11 மாதம் ஆனது.

மின்சாரம் இல்லை என்றால் விளக்கு இல்லை என்பதோடு முடிந்துவிடாது. நீரேற்றும் மோட்டார் ஓடாது, எனவே குடிநீர் இல்லை. குளிர்சாதனப் பெட்டி ஓடாது, எனவே இன்சுலின் கெட்டுவிடும். டயாலிசிஸ் இயந்திரமும் வீட்டில் வைத்திருக்கும் ஆக்சிஜன் கருவியும் ஜெனரேட்டரை நம்பி நிற்கும். அதற்கு டீசல் வேண்டும், டீசல் வரச் சாலை வேண்டும். சான் ஹுவான் துறைமுகத்தில் சுமார் 10,000 கண்டெய்னர்கள் பொருள் நிரம்பிய நிலையில் தேங்கிக் கிடந்தன. எடுத்துச் செல்ல ஓட்டுநரும் இல்லை, எரிபொருளும் இல்லை. கப்பல் சட்டத்தை 10 நாள் மட்டும் தளர்த்தினார்கள்.

அதே பருவத்தில் டெக்சாஸையும் ஃப்ளோரிடாவையும் புயல் தாக்கியது. மூன்று இடங்களுக்கும் கிடைத்த உதவியை ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2019இல் வெளியானது. முதல் ஒன்பது நாளில் டெக்சாஸ், ஃப்ளோரிடா புயல்களில் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்குத் தலா ஏறக்குறைய 10 கோடி டாலர் மத்திய உதவி ஒதுக்கப்பட்டது. புவேர்ட்டோ ரிக்கோ குடும்பங்களுக்குச் சுமார் 60 லட்சம் டாலர். மூவரும் ஒரே நாட்டின் குடிமக்கள்தான்.

உணவுப் பொட்டலம் 3 கோடி வழங்க ஒருவர் மட்டுமே நடத்திய ஒரு நிறுவனத்திடம் ஒப்பந்தம் கொடுத்தார்கள். வந்து சேர்ந்தது 50,000 பொட்டலம். புயல் அடித்த நாளில் இரண்டே ஊழியர்களை வைத்திருந்த இன்னொரு நிறுவனத்துக்கு மின்கம்பிகளைச் சரிசெய்ய 30 கோடி டாலர் ஒப்பந்தம் போனது. இரண்டும் பிறகு ரத்தாயின. ரத்தான ஒப்பந்தம் பசித்தவருக்கு இழந்த நாட்களைத் திருப்பித் தராது.

வீடு இழந்தவர்கள் உதவி கேட்டபோது பத்திரம் எங்கே என்றார்கள். தலைமுறை தலைமுறையாகக் குடும்ப நிலத்தில் வீடு கட்டி வாழ்ந்த பலரிடம் தங்கள் பெயரில் பத்திரம் இல்லை. உள்ளூர்ச் சட்டம் அத்தகைய உடைமையை ஏற்கிறது. ஆனாலும் ஆயிரக்கணக்கான விண்ணப்பங்கள் தள்ளுபடியாயின. தன்னார்வ வழக்கறிஞர்கள் எளிய பிரமாணப் பத்திர வடிவம் ஒன்றைத் தயாரித்துப் போராடினார்கள். பத்திரம் குறித்த விதிகளை மத்திய நிவாரணத் துறை நாடு முழுவதற்கும் தளர்த்தியது 2021இல்.

புயலுக்கு அடுத்த ஓராண்டில் சுமார் 1,30,000 பேர் தீவின் மக்கள்தொகையில் குறைந்தார்கள். பெரும்பாலோர் பிழைப்பு தேடி அமெரிக்காவுக்குப் போனவர்கள். 1899இன் வரிசை திரும்பி வந்துவிட்டது.

அக்கம்பக்கத்தார் கைகள்

இனி மறுபக்கம். உத்துவாதோ என்ற மலை ஊரில் ரியோ அபாஹோ பகுதியின் பாலத்தை ஆறு அடித்துக்கொண்டு போனது. அக்கரையில் குடும்பங்கள் சிக்கிக்கொண்டன. அவர்கள் கம்பியும் கப்பியும் கட்டி, அதில் பல்பொருள் அங்காடியின் தள்ளுவண்டி ஒன்றைத் தொங்கவிட்டு, தண்ணீரும் உணவும் மருந்தும் இழுத்தார்கள். அந்த இடத்துக்கு அவர்களே வைத்த பெயர், மறக்கப்பட்டவர்களின் முகாம்.

காகுவாஸ் நகரில் சில நாட்களிலேயே ஒரு பொதுச் சமையலறை தொடங்கியது. அதை நடத்தியவர்கள் புதியவர்கள் அல்லர். 2013 முதலே பல்கலைக்கழக மாணவர்களுக்குச் சாப்பாடு போட்டு வந்த குழு. அவர்களுடைய விதி எளிமையானது. சாப்பிட வருபவர் பணம் தரலாம், அரிசி பருப்பு தரலாம், இரண்டும் இல்லையென்றால் பாத்திரம் கழுவலாம், காய் நறுக்கலாம். யாரும் கையேந்தி நிற்பதில்லை. இப்படிப் பரஸ்பர உதவி மையங்கள் தீவில் பல இடங்களில் தோன்றின. உமாகாவோ அருகே மரியானா என்ற கிராமத்தில், அரசு மூடிவிட்டுப் போன பள்ளிக்கூடத்தையே மக்கள் இதற்காகத் திறந்தார்கள்.

மலைநகரமான அத்ஹுந்தாஸின் கதை இன்னும் பழையது. 1980இல் அங்கே செம்பும் தங்கமும் எடுக்கப் பெருஞ்சுரங்கம் தோண்டத் திட்டம் வந்தது. பொறியாளர் அலெக்சிஸ் மாசோல், அவர் மனைவி தின்தி தேயா, இன்னும் சிலர் அதை எதிர்க்கக் காசா புவெப்லோ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். மக்கள் இல்லம் என்று பொருள். அரசு மானியத்தை நம்பாமல் காப்பித்தூள் விற்று அமைப்பை நடத்தினார்கள். பதினைந்து ஆண்டுப் போராட்டத்துக்குப் பின் சுரங்கத் திட்டம் கைவிடப்பட்டது. அந்த நிலம் மக்கள் பராமரிக்கும் காடாக மாறியது. 1999இல் தங்கள் கட்டிடத்துக்குச் சோலார் தகடு பொருத்தினார்கள்.

மரியாவுக்குப் பின் தீவே இருண்டபோது அந்த ஒரு வீட்டில் விளக்கு எரிந்தது. ஆக்சிஜன் கருவி வைத்திருந்தவர்கள் அங்கே வந்தார்கள். செல்போனுக்கு மின்னேற்ற வரிசையில் நின்றார்கள். அமைப்பின் வானொலி செய்தி சொன்னது. பல்லாயிரம் சோலார் விளக்குகள் மலைக்கிராமங்களுக்குப் போயின. மருந்தைக் குளிரில் வைக்க வேண்டிய நோயாளிகளின் வீடுகளுக்குச் சோலாரில் ஓடும் சிறு குளிர்சாதனப் பெட்டிகள் போயின. பிறகு மளிகைக்கடை, முடிதிருத்தகம் என ஊரே சோலாருக்கு மாறத் தொடங்கியது. 2022 செப்டம்பரில் ஃபியோனா புயலால் தீவு மறுபடி முழுதும் இருண்டபோது, சோலார் வைத்திருந்த வீடுகளிலும் கடைகளிலும் விளக்கு எரிந்தது. 2023இல் ஊர்ச் சதுக்கத்தைச் சுற்றிய கடைகளுக்குப் பொதுவான சோலார் மின்வலை திறக்கப்பட்டது.

கவனியுங்கள். புயல் வந்த அன்று கூடிய கூட்டம் எதுவும் இந்த வேலையைச் செய்யவில்லை. கணக்கு எழுதப் பழகிய, ஒருவரையொருவர் நம்பப் பழகிய, எந்த வீட்டில் நோயாளி இருக்கிறார் என்று அறிந்த அமைப்புகள் முன்பே இருந்தன. புயல் அவற்றைச் சோதித்தது.

பொறுமையைப் புகழ்வதில் ஓர் ஆபத்து

இந்தக் கதைகளைச் சொல்லும்போது நாம் ஒரு தவறில் விழக்கூடும். எவ்வளவு பொறுமைசாலிகள், எவ்வளவு தாங்கும் சக்தி என்று புகழ்ந்துவிட்டுப் போய்விடுவது எளிது. அதைக் கேட்கச் சுமையை ஏற்றியவருக்கும் இனிமையாகத்தான் இருக்கும். தாங்கிக்கொள்கிறார்கள் என்றால் இன்னும் கொஞ்சம் ஏற்றலாம் அல்லவா?

தீவு மக்கள் இந்த வலையில் விழவில்லை. ஒரு கையால் சமைத்தார்கள், மறு கையால் கணக்குக் கேட்டார்கள். அரசு 64 என்று சொல்லிக்கொண்டிருந்த 2018 ஜூனில், சான் ஹுவான் சட்டமன்றக் கட்டிடத்தின் முன் இறந்தவர்களின் செருப்புகளையும் காலணிகளையும் கொண்டுவந்து வைத்தார்கள். ஆயிரக்கணக்கான ஜோடிகள். சிலவற்றில் பெயர் எழுதிய காகிதம் இருந்தது. எங்கள் வாப்பாவைக் கணக்கில் சேருங்கள், எங்கள் உம்மாவைக் கணக்கில் சேருங்கள் என்பதுதான் அதன் பொருள். மூன்று மாதத்துக்குள் எண் மாறியது.

2019 ஜூலையில் ஆளுநரும் அவர் நண்பர்களும் பரிமாறிக்கொண்ட குறுஞ்செய்திகள் வெளியாயின. புயலில் இறந்தவர்களைப் பற்றிய கேலியும் அதில் இருந்தது. லட்சக்கணக்கானோர் தெருவில் இறங்கினார்கள். ஆளுநர் பதவி விலகினார். 2020 ஜனவரியில் போன்சே நகரின் கிடங்கு ஒன்றில் தண்ணீர் பாட்டில்களும் கட்டில்களும் விநியோகிக்கப்படாமல் கிடந்தது தெரிந்தபோது மக்களே போய்க் கதவைத் திறந்தார்கள்.

உதவி வேறு, ஹக் வேறு. அண்டை வீட்டார் கொண்டுவரும் சோறு அன்பு. வரி கட்டும் குடிமகனுக்கு அரசு தர வேண்டிய குடிநீரும் மருத்துவமும் அவனுடைய ஹக். முதலாவது கிடைத்துவிட்டது என்பதால் இரண்டாவது தீர்ந்துவிடாது. அமைப்பாகச் சேர்ந்து பணி செய்பவர்கள் இந்த வேறுபாட்டை மறந்தால், அரசின் அலட்சியத்துக்கு நம் கையாலேயே திரை போட்டவர்கள் ஆவோம்.

குடும்பத்தோடு பேசச் சில கேள்விகள்

1. இறந்தோர் எண்ணிக்கையைக் குறைத்துச் சொல்வதால் யாருக்கு லாபம்? சரியாக எண்ணுவது உயிரோடு இருப்பவர்களுக்கு எப்படிப் பயன்படுகிறது?

2. 1899 புயலுக்குப் பின் நடந்ததையும் 2017க்குப் பின் நடந்ததையும் ஒரு தாளில் எதிரெதிரே எழுதிப் பாருங்கள். எவை ஒத்துப் போகின்றன?

3. காகுவாஸ் சமையலறையில் இல்லாதவருக்கும் ஒரு வேலை கொடுத்தது ஏன்? வாங்குபவரின் கண்ணியத்தைக் காக்க இன்னும் என்ன வழிகள் உண்டு?

4. நம் தெருவில் ஆக்சிஜன் கருவி, இன்சுலின், டயாலிசிஸ் தேவைப்படுவோர் யார் யார்? மூன்று நாள் மின்சாரம் இல்லையென்றால் அவர்களுக்கு முதலில் கதவைத் தட்டப் போவது யார்?

5. நம் வீட்டுப் பத்திரமும் பட்டாவும் யார் பெயரில் உள்ளன? மவுத்தானவர் பெயரிலேயே இருந்தால் மாற்ற என்ன செய்ய வேண்டும்?

நான்காவது, ஐந்தாவது கேள்விகளுக்கு வாயால் பதில் சொன்னால் போதாது. ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பெரியவர்கள் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் எழுதட்டும்.